ஐம்பது ஹெர்ட்ஸ்

கட்டடத்தின் சவுனாவைப் புதுப்பித்தபோது
பழைய இருக்கைப் பலகையை யாரும் கேட்கவில்லை.
ஆல்டர் மரம். நாற்பது வருடம்
அஞ்சு மாடிக்காரர்களின் பின்புறமும்
அதன் மேல்தான் வெந்தது.
அதைத்தான் அறுத்தேன், இழைத்தேன்,
கிதார் என்று பெயர் வைத்தேன்.

தாம்பெரேயில் நவம்பர்.
மூன்றரைக்கெல்லாம் ஜன்னல் கறுத்துவிடும்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவள்.
நானூறு வோல்ட் என்னிடம் வாலைச் சுருட்டிக்கொள்ளும்.
இந்தப் பலகைக்குள் ஓடுவதோ
ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு,
அதுகூட இல்லாமல் இருக்கலாம்.
அது என்னை நாலு ராத்திரி
தரையில் மண்டியிட வைத்தது.

முதல் ராத்திரி சுலபம்.
ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டினேன்:
முன் பிக்கப், டொக்.
பின் பிக்கப், டொக்.
தனித்தனியே இரண்டுக்கும் நல்ல குரல்.
சேர்த்துப் போட்டால்
தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ
தொண்டை கட்டிப் பேசுவதுபோல.
ஒன்று முன்னே தள்ள மற்றது பின்னே இழுக்கிறது.
வெள்ளை வயரையும் கறுப்பு வயரையும்
இடம் மாற்றிப் பற்றவைத்தேன்.
அடிவயிறு வந்தது சத்தத்துக்கு.
ஒரு பியர் திறந்தேன்.

கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

ம்ம்ம்ம்ம் என்றது ஆம்ப்.
கீழ் ஜி சுரத்துக்கு மயிரிழை மேலே,
சுவருக்குள் ஓடும் அதே ஐம்பது ஹெர்ட்ஸ்,
அதன் இரட்டிப்பு, அதற்கும் மேலே ஒரு கொசு.
விளக்கை அணைத்தேன், ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன்,
பால் கெட்டது, இரைச்சல் கெடவில்லை.
ஈயம் மங்கலாகத் தெரிந்த இடமெல்லாம்
உருக்கி உருக்கி மறுபடி வைத்தேன்.
குழிக்குள் செம்புத் தாள் ஒட்டினேன்.
அது ஜாக்கின் நாக்கில் உரசி
மொத்தமும் ஊமையானது ஒரு மணி நேரம்.
அந்த ஒரு மணி நேரம், உண்மையைச் சொன்னால்,
நிம்மதியாக இருந்தது.

நாலாம் ராத்திரி, எதையும் யோசிக்காமல்,
ஜாக்கின் உலோக விளிம்பைத் தொட்டேன்.
இரைச்சல் படுத்துவிட்டது.
தந்தியைத் தொட்டேன்.
எழுந்து உட்கார்ந்தது.
ஜாக். மௌனம். தந்தி. ம்ம்ம்.
அடக் கழுதையே, எர்த் தந்திக்கு வரவில்லை.

மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பிரிட்ஜில் வைத்தேன்,
மற்றதைப் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில்.
கூவவில்லை.
ஆறு தந்தியையும் தளர்த்தி
பிரிட்ஜைக் கழற்றினால், அடியில்
சமர்த்தாகப் படுத்திருக்கிறது வயர்,
அதன் மேல் இரண்டு பூச்சு வார்னிஷ்.
அக்டோபரில், பளபளப்பு வேண்டுமென்று,
நானே, இதே கையால்.

கத்தியால் சுரண்டினேன்.
செம்பு சிவந்து முகம் காட்டியது.
முள்ளை வைத்தேன், கூவியது.

இப்போது தந்தியில் விரல் பட்டால்
அறை அடங்குகிறது.

ஆனால் மிச்சம் ஒன்று இருக்கிறது.
சன்னமாக, சீழ்க்கை மாதிரி,
வரும், பதினொரு வினாடி நிற்கும், போகும்.
இரண்டு நாள் குறித்துவைத்தேன்:
எட்டு ஐந்து. எட்டு இருபது. பத்து நாற்பது.
எட்டு ஐந்துக்கு உர்போ நாயோடு இறங்குகிறார்.
எட்டு இருபதுக்கு நாயோடு ஏறுகிறார்.

எங்கள் லிஃப்ட்.
வசந்தத்தில் அதன் டிரைவை மாற்றியவள் நான்.
வடிகட்டி வேண்டுமா, தனிச் செலவாயிற்றே என்றார்கள் கூட்டத்தில்.
வேண்டாம், யாருக்குக் கேட்கப்போகிறது என்றேன்.

பதிவேட்டில் இருக்கிறது அந்த வாக்கியம், என் கையெழுத்தோடு.
அடுத்த கூட்டம் பிப்ரவரியில்.
என்ன காரணம் எழுதுவது?

காலை ஆறு பத்து.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து
ஹோதன் கீழே பொத்தானை அழுத்தியிருப்பாள்.
பிக்கப்புக்குள் அவள் ஏறி வருகிறாள்,
ஈரக் கோட்டோடு, பூட்ஸில் பனிச்சேற்றோடு.
வால்யூமைச் சுழித்துவைத்து
உள்ளங்கையைத் தந்திகள் மேல் படுக்கவிடுகிறேன்.
இரண்டாம் மாடி.
மூன்று.
நின்றது. கதவு.

இப்போது.